மடித்த மாவும் விரித்த பந்தியும்



தவக்காலத்தின் இந்த வெள்ளிக்கிழமையில் ஒரு பலகாரத்தைப் பற்றிச் சிந்திப்போம். நோன்பு நாளில் பலகாரப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். விண்ணரசு எப்படிப்பட்டது என்று சொல்ல விரும்பியபோது நம் ஆண்டவர் மாவு பிசைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணைத்தான் சுட்டிக்காட்டினார் (லூக்கா 13:20-21). அவள் எடுத்த மாவின் அளவைக் கவனித்திருக்கிறோமா? மூன்று மரக்கால். ஒரு வீட்டார் ஒரு நாளில் தின்று தீர்க்கும் அளவல்ல அது. மம்ரே தோப்பில் முன்பின் தெரியாத மூவர் வந்து நின்றபோது, ஆபிரகாம் சாராவிடம் பிசையச் சொன்னதும் அதே மூன்று மரக்கால்தான் (தொடக்க நூல் 18:6). திருவிவிலியத்தில் மாவு பிசைபவர்கள் தங்களுக்கு மட்டும் என்று அளந்து பிசைவதில்லை.

நாம் பேசப்போகும் பலகாரத்தின் பெயர் எம்பனாடா. ஸ்பெயின் நாட்டில் பிறந்து, அர்ஜென்டினா, சிலி முதலிய தென் அமெரிக்க நாடுகளுக்கும், நம் ஆசியாவில் பிலிப்பைன்சுக்கும் சென்று, அந்நாடுகளின் கத்தோலிக்கக் குடும்பங்களில் வேரூன்றிவிட்ட உணவு இது. மாவை வட்டமாகத் தேய்த்து, நடுவில் இறைச்சியோ மீனோ காய்கறியோ வைத்து, பாதியாக மடித்து, ஓரத்தை அழுத்தி மூடி, அடுப்பில் சுட்டோ எண்ணெயில் பொரித்தோ எடுப்பார்கள். பார்வைக்கு நம் சோமாசியை ஒத்திருக்கும். ஆனால் உள்ளே இருப்பது இனிப்புப் பூரணம் அல்ல, ஒருவேளை உணவு. ஸ்பானிய மொழியில் 'பான்' என்றால் ரொட்டி. எம்பனாடா என்றால் ரொட்டிக்குள் பொதிந்தது என்று பொருள். அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த போர்த்துக்கீசியச் சொல்லைத்தான் இலங்கைத் தமிழர் இன்றும் 'பாண்' என்கிறார்கள். பெயர் புதிதாகத் தோன்றினாலும் அதன் உறவுச்சொல் ஒன்று நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அன்பர்களே, ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்றொரு பகுதி. அங்கே சந்தியாகோ தே கொம்போஸ்தேலா நகரில் திருத்தூதர் புனித யாக்கோபின் பேராலயம் இருக்கிறது. நம் முன்னோர் சந்தியாகப்பர் என்று அன்போடு அழைத்த அதே புனிதர். பல நூற்றாண்டுகளாகத் திருப்பயணிகள் கால்நடையாகச் சென்று சேரும் இடம் அது. அந்தக் கலீசியாவில் எம்பனாடாவைச் சிறு சிறு மடிப்புகளாகச் செய்வதில்லை. பெரிய தட்டளவுக்கு மாவை விரித்து, மேலே இன்னொரு மாவுத் தகட்டால் மூடிச் சுட்டு, குடும்பமாக அமர்ந்து துண்டு போட்டுக்கொள்வார்கள். சூரை மீனும் மத்தியும் சிப்பியும் அதற்குள் இருக்கும்.

அந்தப் பேராலயத்தின் மேற்கு வாயிலை 'மகிமையின் வாயில்' என்பார்கள். மத்தேயோ என்ற சிற்பியின் கைவண்ணம். அதன் மேற்கல்லில் 1188 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டுள்ளது. அங்கே ஒரு வளைவில் இறுதித் தீர்ப்பு செதுக்கப்பட்டிருக்கிறது. தண்டனைக்கு உள்ளானவர்களின் நடுவே ஒரு பெருந்தீனிக்காரன். அவன் கையில் இருப்பது எம்பனாடா! நரக வேதனையிலும் அதை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

பேராலயத்தை ஒட்டியே பழைய ஆயர் மாளிகை ஒன்று இருக்கிறது. கெல்மீரெஸ் மாளிகை என்று பெயர். அதன் பெரிய மண்டபத்தில், கூரை வளைவுகள் வந்து தங்கும் கற்களில் ஒரு விருந்து செதுக்கப்பட்டுள்ளது. மேசை விரித்திருக்கிறது; மக்கள் சேர்ந்து அமர்ந்து உண்கிறார்கள்; இசைக் கலைஞர்கள் வாசிக்கிறார்கள். அந்த மேசையிலும் எம்பனாடா இருக்கிறது.

சில அடி தொலைவில் இரண்டு கற்கள். இரண்டிலும் ஒரே உணவு. ஒன்று நரகம், மற்றொன்று விருந்து. மாவில் குற்றமில்லை, மீனில் குற்றமில்லை. ஒருவன் தனக்கென்று பற்றிக்கொண்டான். மற்றவர்கள் நடுவில் வைத்து உண்டார்கள். இந்த இரண்டு கற்களில் எது நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை? இன்றைய நாள் முழுவதும் நம்மோடு இருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

எம்பனாடா வீட்டில் எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் ஆழம் புரியும். அர்ஜென்டினாவில் இதை டஜன் கணக்கில்தான் பேசுவார்கள். வாங்கினாலும் டஜன், செய்தாலும் டஜன். மைதா மாவில் உருக்கிய மாட்டுக் கொழுப்பும், உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரும் சேர்த்துப் பிசைந்து, சற்று நேரம் மூடி வைப்பார்கள். மாவு இளைப்பாறாமல் தேய்த்தால் சுருங்கிக்கொள்ளும். இன்னொரு பக்கம், கத்தியால் பொடியாக நறுக்கிய இறைச்சி, நிறைய வெங்காயம், சீரகம், காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள் சேர்த்துப் பூரணம் வேகும். சால்தா மாநிலத்தில் உருளைக்கிழங்கும் சேர்ப்பார்கள். சிலர் உலர்ந்த திராட்சை போடுவார்கள். அதைப் போடலாமா கூடாதா என்று வீட்டுக்கு வீடு வாக்குவாதமே நடக்கும்.

பூரணம் வெந்ததும் உடனே மாவுக்குள் வைப்பதில்லை. சூட்டோடு வைத்தால் மாவு நெகிழ்ந்து கிழிந்துவிடும். அடுப்பில் சாறெல்லாம் வழிந்தோடிவிடும். ஆகவே முந்தைய நாளே சமைத்து, இரவெல்லாம் ஆறவிடுவோர் பலர். நம் குடும்பங்களில் எத்தனை மனத்தாங்கல்கள் கொதிக்கக் கொதிக்க மூடி வைக்கப்படுகின்றன! வெளியே பார்த்தால் எல்லாம் சரியாக மடித்திருக்கிறது. கொஞ்சம் சூடு பட்டதும் ஓரம் வெடிக்கிறது. கோபத்தை ஆறவிட்டுப் பேசுவதற்கும், ஆறாமலே மூடி வைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சமையல் தெரிந்த எந்தத் தாயும் அறிவார்.

அடுத்து, அளவு. சிலி நாட்டில் ஞாயிறு உணவுக்கு எம்பனாடா என்பது பழைய வழக்கம். அங்கே ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கரண்டிப் பூரணத்தோடு ஒரு ஒலிவக்காய், ஒரு துண்டு அவித்த முட்டை வைப்பார்கள். வீட்டுத் தலைவருக்கு என்று இரண்டு முட்டைத் துண்டு கிடையாது. வேலை செய்பவருக்கு என்று முட்டையில்லா எம்பனாடாவும் கிடையாது. மூடிய பிறகு எது யாருக்குப் போகும் என்று பூரணம் வைத்தவருக்கே தெரியாது. தெரியாததால் எல்லாவற்றிலும் ஒரே அளவு வைத்தாக வேண்டும். ஆண் பிள்ளைக்கு ஒரு அளவு, பெண் பிள்ளைக்கு ஒரு அளவு, கடைசியில் உண்ணும் தாய்க்கு மீந்தது என்று பரிமாறிப் பழகிய கைகளுக்கு இது நல்ல பயிற்சி.

பிறகு வருவது ஓரத்தை மடித்தல். ரெபுல்கே என்று அதற்குப் பெயர். மாவின் விளிம்பை விரலால் கிள்ளிக் கிள்ளி, கயிறு முறுக்கியதுபோல் மடித்துக்கொண்டே போவார்கள். துக்குமான் மாநிலத்தில் 13 மடிப்பு இருக்க வேண்டும் என்பது மரபு. பல வகைப் பூரணங்கள் இருந்தால், உள்ளே இருப்பது இறைச்சியா, கோழியா, சோளமா என்று ஓர மடிப்பின் வடிவத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒருவரின் விரல்பதிவு இன்னொருவருக்கு வராது. பாட்டி மடித்தது எது, பேரன் மடித்தது எது என்று வெந்து வந்த பிறகும் அடையாளம் தெரியும். கோணல் மடிப்பும் நேர் மடிப்பும் ஒரே தட்டில்தான் வேகும். துக்குமான் எம்பனாடாவில் சாறு மிகுதி. உடையில் வழியாமலிருக்க, கால்களை அகற்றி நின்று, முன்னே குனிந்து கடிக்க வேண்டும் என்று அந்த ஊரார் சிரித்துக்கொண்டே சொல்லித்தருவார்கள்.

மூன்று டஜன் எம்பனாடாவை ஒருவரே தேய்த்து, நிரப்பி, மடித்து முடிப்பது பெரும் சுமை. நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்தால் அதே வேலை ஒரு கதைநேரம். கைகள் வேலை செய்யும். காதும் வாயும் சும்மா இருக்கும். அப்போது பேச்சு தானே வரும். பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்லும். நேருக்கு நேர் பார்த்துச் சொல்லத் தயங்கியதை, மாவைப் பார்த்துக்கொண்டே மகன் தந்தையிடம் சொல்லிவிடுவான்.

மார்த்தா, மரியா நிகழ்ச்சி நமக்கு நன்கு தெரிந்தது (லூக்கா 10:38-42). மார்த்தா வேலை செய்தது தவறு என்று ஆண்டவர் சொல்லவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலைப்பட்டுக் கலங்குகிறாயே என்றுதான் பரிவோடு கேட்டார். அவளுடைய முறையீட்டையும் நாம் கேட்க வேண்டும். வேலை முழுவதையும் செய்யத் தன்னைத் தனியே விட்டுவிட்டார்கள் என்பதுதான் அவள் வருத்தம். கிறிஸ்து பிறப்பு நாளிலும் உயிர்ப்புப் பெருவிழாவிலும் நம் வீடுகளில் எத்தனை மார்த்தாக்கள்! எல்லாரும் முன்னறையில் சிரித்துக்கொண்டிருக்க, புகைக்கும் சூட்டுக்கும் நடுவே ஒரு தாய். மாவுப் பலகையை அடுப்படியிலிருந்து எடுத்து வந்து முன்னறையில் வைத்து, எல்லாரும் அதைச் சுற்றி அமர்ந்தால், மார்த்தா வேலையை விடாமலே மரியாவின் இடத்தில் அமரலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஆண்கள் கொஞ்சம் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

அர்ஜென்டினா மண்ணில் பிறந்து வளர்ந்து, திருஅவையின் தலைவராகி, 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ், குடும்பத்தில் சேர்ந்து உண்பதைப் பற்றியே ஒரு மறைக்கல்வி உரை வழங்கினார். அது 2015 நவம்பர் 11. சேர்ந்து உண்ணாத குடும்பமும், சேர்ந்து உட்கார்ந்தும் பேசாமல் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பமும் குடும்பம் என்ற பெயருக்கே குறைவு என்ற பொருளில் அன்று அவர் பேசினார். பிள்ளைகள் உணவு மேசையில் கருவிகளோடு ஒட்டிக்கொண்டு ஒருவர் பேச்சை ஒருவர் கேளாதிருந்தால், அது வீடாக இல்லாமல் தங்கும் விடுதியாகிவிடுகிறது என்றும் எச்சரித்தார். இன்று கைப்பேசியில் விரலை வைத்தால் உணவுப் பொட்டலம் வாசலுக்கு வருகிறது. ஆளுக்கொரு பொட்டலம், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு திரை. வயிறு நிறைகிறது. ஆனால் சந்தியாகோவின் முதல் கல்லில் இருக்கும் அந்த மனிதனும் வயிறு நிரப்பத்தான் பார்த்தான்!

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்க்கிறோம். அர்ஜென்டினாவிலும் அப்படித்தான். மாட்டிறைச்சிக்குப் பேர்போன அந்த நாட்டில், இந்த நாள்களில் சூரை மீனும் வெங்காயமும் தக்காளியும் அவித்த முட்டையும் வைத்து நோன்புக்கால எம்பனாடா செய்வார்கள். மீனும் ரொட்டியும் என்றதும் நம் நினைவு திபேரியக் கடற்கரைக்குப் போக வேண்டும். இரவெல்லாம் உழைத்துக் களைத்து வந்த சீடர்களுக்கு, உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார் (யோவான் 21:9-13). சாவை வென்றவர் காலை உணவு சமைத்துக்கொண்டிருந்தார்! எல்லாம் தயாராக இருந்தும், நீங்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவாருங்கள் என்றார். தம் சமையலில் சீடர்களின் பங்கும் சேர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். பரிமாறுவதோடு நில்லாமல் பங்கெடுக்கவும் வைக்கிறார் நம் ஆண்டவர்.

அன்பர்களே, நம் வீட்டார் எல்லாரும் சேர்ந்து அமர்ந்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? பணக்காரன், இலாசர் உவமையில் பணக்காரன் தனியாக உண்டான் என்று சொல்லப்படவில்லை. நாள்தோறும் விருந்துண்டு இன்புற்றான் என்றுதான் நற்செய்தி சொல்கிறது (லூக்கா 16:19). அவன் வீட்டில் ஆள் இருந்திருக்கலாம், சிரிப்பும் இருந்திருக்கலாம். வாசலில் இலாசர் கிடந்தார்; அவருக்கு மட்டும் மேசையில் இடமில்லை. மேசை பெரிதாக இருந்தும் கதவு மூடியிருந்தால், அதுவும் முதல் கல்லைச் சேர்ந்ததுதான்.

ஞாயிறுதோறும் எம்பனாடா மணக்கும் சிலி நாட்டிலேயே இதைத் தம் வாழ்வால் காட்டியவர் இயேசு சபைக் குரு புனித ஆல்பர்ட்டோ உர்த்தாதோ. 1944 அக்டோபரில், மழை பெய்த ஒரு குளிர் இரவில், காய்ச்சலால் நடுங்கிய ஒரு ஏழை மனிதர் அவரை அணுகினார். ஒதுங்கக் கூரையில்லை. அந்த முகம் அவரை விடவில்லை. சில நாளில் பெண்கள் குழுவுக்குத் தியானம் கொடுத்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்தி, கிறிஸ்து நம் தெருக்களில் பசியோடு அலைகிறார் என்று உள்ளம் உருகிப் பேசினார். கேட்டிருந்த பெண்கள் நகைகளைக் கழற்றித் தந்தார்கள், நிலமும் கிடைத்தது. அப்படிப் பிறந்ததுதான் 'ஓகர் தே கிறிஸ்தோ', அதாவது கிறிஸ்துவின் இல்லம். இல்லத்தைக் குறிக்கும் 'ஓகர்' என்ற அந்த ஸ்பானியச் சொல்லின் வேர்ப்பொருள் அடுப்பு. அடுப்பு எரியும் இடமே இல்லம்! அவர் தம் பச்சை நிற வண்டியில் இரவு நேரம் புறப்பட்டு, மாபோச்சோ ஆற்றுப் பாலங்களின் அடியில் உறங்கிய சிறுவர்களைத் தேடி அழைத்துவந்தார். 1952 இல் இறந்த அவரை 2005 இல் திருஅவை புனிதராக உயர்த்தியது. அந்தச் சிறுவர்களின் ஊரிலும் ஞாயிறுதோறும் எத்தனையோ வீடுகளில் எம்பனாடா வெந்திருக்கும். அவர்களுக்கென்று ஒன்றை மடிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

ஆகவே இந்தத் தவக்காலத்தில் நாம் ஒரு சிறிய முயற்சி செய்வோம். வருகிற வெள்ளிக்கிழமைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்வோம். மீன் பூரணம் வைத்த எம்பனாடாவோ, நமக்குக் கைவந்த சோமாசியோ, கொழுக்கட்டையோ, எதுவானாலும் சரி. பல கைகள் சேர்ந்து மடிக்கிற ஒன்றாக இருக்கட்டும். கைப்பேசிகளை ஒரு கூடையில் போட்டுவிடுவோம். சிறுவர் முதல் தாத்தா வரை எல்லாரும் பலகையைச் சுற்றி அமர்வோம். கோணலாக மடித்த பிள்ளையைத் திருத்த அவசரப்பட வேண்டாம். அது அந்தப் பிள்ளையின் ரெபுல்கே!

செய்து முடித்ததும் எண்ணிப் பார்ப்போம். அதில் ஒரு டஜன் நம்முடையது அல்ல என்று முன்பே முடிவு செய்துகொள்வோம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாகச் சோறு பொங்கி உண்ணும் பெரியவர் நம் தெருவில் இருப்பார். சொந்த ஊரை விட்டு நம் ஊருக்குக் கட்டட வேலைக்கு வந்து, தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள் இருப்பார்கள். பாகப் பிரிவினையில் ஏற்பட்ட கசப்பால் பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் உடன்பிறந்தவர் இருப்பார். அவர் வீட்டுக் கதவைத் தட்ட நமக்கு வார்த்தை வராமலிருக்கலாம். கையில் ஒரு சூடான பொட்டலம் இருந்தால், வார்த்தை இல்லாமலும் கதவைத் தட்டலாம். பசித்தோர்க்கு உணவைப் பகிர்ந்து கொடுப்பதே தமக்கு உகந்த நோன்பு என்று எசாயா வழியாக ஆண்டவர் சொன்னதும் (எசாயா 58:7) இதுதானே!

எம்பனாடாவை வெளியே பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. பிட்டால்தான் தெரியும். எம்மாவு சீடர்களும் வழியெல்லாம் ஆண்டவரோடு நடந்து, அவர் பேசியதைக் கேட்டும், அவரைக் கண்டுகொள்ளவில்லை. அந்நியர் என்று எண்ணியவரை வீட்டுக்குள் அழைத்து, பந்தியில் அமர்த்தியபோது, அப்பத்தைப் பிட்ட அந்த நொடியில் அவர்கள் கண்கள் திறந்தன (லூக்கா 24:30-31). வழிப்போக்கரை வாசலிலேயே விட்டிருந்தால் அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாமலே போயிருக்கும். ஞாயிறுதோறும் திருப்பலியில் நமக்காகப் பிட்கப்படும் அப்பத்தை உண்கிற நாம், வீடு திரும்பியதும் நம் அப்பத்தை மூடி வைத்துக்கொண்டால், பீடமும் மேசையும் ஒன்றையொன்று மறுத்துவிடும்.

மன்றாடுவோம். கடற்கரையில் நெருப்பு மூட்டி உம் நண்பர்களுக்கு உணவு சமைத்த ஆண்டவரே, எங்கள் அடுப்படிகளுக்கு வாரும். தனியே உழைத்துக் களைத்த கைகளுக்குத் துணை தாரும். பிரிந்திருக்கும் எங்கள் குடும்பங்களை ஒரே பலகையைச் சுற்றி அமரச் செய்யும். எங்கள் வாசலில் காத்திருக்கும் இலாசரை நாங்கள் காணவும், எழுந்து சென்று கதவைத் திறக்கவும் எங்களுக்குக் கண்ணும் மனமும் தாரும். எங்கள் வீட்டு மேசை உமது விண்ணக விருந்தின் முன்சுவையாக விளங்குவதாக. ஆமென்.